விழுந்தால் விட்டுவிடு

பந்தயத் தடத்தில் பைக்கின் எல்லையை எப்படித் தொடுவது, தொடும்போது அடிபடாமல் எப்படி விழுவது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் பைக் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன் நான். நானே விழுந்த கணக்கைக் கைவிரலும் கால்விரலும் தீர்ந்தபிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். அதனால் விழுவதைப் பற்றிப் பேச எனக்கு ஓரளவு தகுதி இருக்கிறது!

போன வருஷம் ஒரு ஐ.டி. கம்பெனிப் பையன் வந்தான். வந்ததும் ஒரே நிபந்தனை: "மாஸ்டர், விழாம வேகமா ஓட்டக் கத்துக்குடுங்க." நான் சொன்னேன்: "தம்பி, அதுக்கு உங்க வீட்டு சோபாதான் நல்ல எடம்."

சிரிக்காதீர்கள். எல்லை எங்கே இருக்கிறதென்று தேடுகிறவன் என்றைக்காவது ஒருநாள் அதைத் தாண்டித்தான் தீருவான். 2017-இல் ஸ்பெயின் பைக் பந்தய வீரர் மார்க் மார்க்கெஸ் ஒரே பருவத்தில் 27 முறை கீழே விழுந்தார். அந்த வருஷம் மோட்டோஜிபி உலக சாம்பியனும் அவர்தான். விழுந்ததில் பெரும்பகுதி பயிற்சி ஓட்டங்களில். எங்கே பிடி விட்டுப்போகும் என்பதைப் பந்தயத்துக்கு முன்பே தேடித் தெரிந்துகொண்டார். வலென்சியாவில் அந்தப் பருவத்தின் கடைசிப் பந்தயத்தில் முன்சக்கரம் வழுக்கியபோது, முழங்காலையும் முழங்கையையும் தரையில் ஊன்றிப் பைக்கை நிமிர்த்தினாரே, அது அந்தத் தேடலின் பலன்.

சரி, விழும் கதைக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த பாடம் இதுதான்.

வளைவில் பைக் நன்றாகச் சாய்ந்திருக்கிறது. டயர் பிடியை இழக்கிறது. சாய்ந்த பக்கமாகவே பைக் படுத்துவிடுகிறது. இதற்கு 'லோ சைட்' என்று பெயர். நீங்கள் ஏற்கெனவே தரைக்கு அருகில்தான் இருக்கிறீர்கள். சறுக்குமரத்தில் குழந்தை போவதுபோலச் சறுக்கிப் போவீர்கள். உடம்பில் தோல் உடுப்பு இருந்தால் பெரும்பாலும் எழுந்து நடந்து வந்துவிடலாம். ஒரே ஒரு எதிரி உண்டு: உங்கள் கை. லட்ச லட்சமாகக் கொடுத்து வாங்கிய வண்டியாயிற்றே, கை விடாது. ஆனால் கீழே விழுந்த பைக் இனி உங்கள் பைக் இல்லை. 150 கிலோ, 200 கிலோ இரும்பு. அது ஓரத்து ஜல்லியில் போய்ப் புரளும். பிடித்துக்கொண்டே போனால் நீங்களும் அதோடு புரள வேண்டியதுதான். விட்டுவிட்டால், இரும்பு வழுக்கிக்கொண்டு முன்னே போகும். உங்கள் தோல் உடுப்பு தரையில் உரசி உங்களைப் பின்னாலேயே நிறுத்தும். ஆகவே முதல் பாடம்: விழுந்தால் விட்டுவிடு.

இரண்டாவது, கையை ஊன்றாதே. தடுமாறினால் கையை ஊன்றுவது நடை பழகிய நாளிலிருந்தே வந்த பழக்கம். வேகத்தில் ஊன்றினால் மணிக்கட்டும் காறை எலும்பும்தான் பதில் சொல்லும். கைகளை மார்போடு சேர்த்து, உடம்பைத் தளர்த்தி, மல்லாந்து சறுக்கு என்பேன்.

மூன்றாவது பாடத்தை எனக்குக் கற்பித்தவள் ஒரு மாணவி. மதுரைப் பெண், நல்ல துணிச்சல். அழகாக விழுந்தாள், அழகாகச் சறுக்கினாள். நின்றுவிட்டோம் என்று எண்ணி எழுந்தாள். உண்மையில் நிற்கவில்லை, பம்பரம்போலச் சுழன்று விழுந்தாள். விழுந்ததில் ஒன்றும் ஆகவில்லை, எழுந்ததில் காறை எலும்பு முறிந்தது! இது ஏன் தெரியுமா? நெடுஞ்சாலையில் நூறில் வந்துவிட்டு ஊருக்குள் திரும்பும்போது, நாற்பதில் போனாலும் மாட்டுவண்டியில் போவதுபோல இருக்குமே, அதே மயக்கம்தான். அன்றிலிருந்து என் மாணவர்களுக்கு ஒரு விதி: நின்றுவிட்டதாகத் தோன்றினால் மூன்று எண்ணு. பிறகு இன்னொரு முறை மூன்று எண்ணு. அப்புறம், பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டுத் தடுப்புப் பக்கம் ஓடு. பைக்கைத் தூக்க ஓடாதே, அதற்கு மார்ஷல்கள் இருக்கிறார்கள்.

வானொலி நிலையத்து நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். எல்லையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

டயரின் பிடி என்பது பாத்திரத்தில் இருக்கிற மாவு மாதிரி. தோசைக்கு அள்ளி ஊற்றினால் இட்லிக்கு மிஞ்சாது. முழுதாக பிரேக் பிடித்தால் சாய்வதற்குப் பிடி இருக்காது. முழுதாகச் சாய்ந்தால் பிரேக்குக்கு இருக்காது. வளைவுக்குள் சாயச் சாய, பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். வேகத்தைக் கூட்டும்போதும் ஒரு சுற்றில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும், அதுவும் கொஞ்சமாக மாற்றுங்கள். அப்படிப் போனால் எல்லை முன்கூட்டியே ஆள் அனுப்பும்: ஹேண்டில்பார் லேசாகும், பின்சக்கரம் மெல்ல அசையும். ஐ.டி. பையன் இரண்டே சுற்றில் மூன்று விஷயங்களை மாற்றினான். ஆள் வருவதற்குள் விழுந்துவிட்டான். ஆனால் பைக்கை விட்டுவிட்டான், சோபாவுக்கு முழுசாகப் போய்ச் சேர்ந்தான்.

டயர் சூடேறாமல் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. ஜெர்மனியில் சாக்ஸென்ரிங் என்றொரு தடம்: 13 வளைவுகளில் 10 இடப்பக்கம். டயரின் வலப்பக்கம் ஆறிப்போய்விடும். பதினோராவது வளைவு இறக்கத்தில் வேகமாக வலப்பக்கம் திரும்பும். எத்தனையோ பெரிய வீரர்களை அது வாரியிருக்கிறது.

'ஹை சைட்' பற்றி ஒரு வார்த்தை. பின்சக்கரம் வழுக்கும்போது பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென மூடினால், டயர் திடீரென்று பிடித்து உங்களைக் கவண்கல்போல மேலே வீசும். அதற்கு நான் பாடம் வைத்திருக்கவில்லை. வராமல் பார்த்துக்கொள்வதுதான் பாடம். 2018 முதல் மோட்டோஜிபியில் உடுப்புக்குள் காற்றுப்பை கட்டாயம் ஆனதற்கு இப்படிப்பட்ட விழுதல்களும் ஒரு காரணம்.

நேரம் முடிந்தது. விடு, ஊன்றாதே, எண்ணு. இந்த மூன்றும் தடத்தில் செல்லும். அங்கே எதிரே லாரி வராது, ஓரத்தில் விளக்குக்கம்பம் இருக்காது, ஆம்புலன்ஸ் காத்திருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. ஞாயிறு அதிகாலையில் அங்கே எல்லையைத் தேடும் தம்பிகளே, தங்கைகளே, அந்த ஆசையைப் பத்திரமாக வைத்திருந்து தடத்துக்குக் கொண்டுவாருங்கள். நான் காத்திருக்கிறேன். வரும் வழியில் ஹெல்மெட்டின் பட்டையை மறக்காமல் மாட்டிக்கொள்ளுங்கள்.