விமானத்தில் சுமை ஏற்றுவது யார்?

(விமான நிலையத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் என்னவென்று நாம் விளக்க வேண்டியதில்லை. மூட்டைகள் பின்பக்கம் அதிகமாகிவிட்டால் நுகத்தடி மேலே எழும்பும். கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும். வண்டிக்காரன் இறங்கி, இரண்டு மூட்டையை முன்னே தள்ளிவிட்டுப் போவான். ஆகாய விமானத்துக்கும் இதே கணக்குத்தான். ஆனால் தரையை விட்டு எழும்பிய பிறகு யாரும் இறங்கி மூட்டையைத் தள்ள முடியாது.

புறப்படுமுன் விமானியின் கையில் ஒரு தாள் தரப்படுகிறது. மொத்த எடை எவ்வளவு, எந்த அறையில் எவ்வளவு, எடையின் மையம் எங்கே விழுகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்த்துத்தான் அவர் வால் பகுதியைச் சரிசெய்து வைக்கிறார். ஒவ்வொரு பெட்டியையும் தூக்கிப் பார்க்க அவருக்கு நேரமில்லை. தாளில் எழுதியிருப்பதும் அறைக்குள் கிடப்பதும் ஒன்றே என்று நம்பிக் கிளம்புகிறார். விமானத்தின் வயிற்றுக்குள் குனிந்து நின்று சுமை அடுக்கும் தொழிலாளியை நம்பித்தான் கிளம்புகிறார் என்று பொருள்.

அந்த நம்பிக்கை பொய்த்தால் என்ன ஆகும்? 1997 ஆகஸ்ட் 7. அமெரிக்காவின் மியாமி நகரில் துணிச் சரக்கு ஏற்றிய டி.சி. 8 விமானம் ஒன்று புறப்பட்டது. அன்று கடைசி நேரத்தில் விமானம் மாற்றப்பட்டிருந்தது. மாறிய விமானத்துக்கு ஏற்றபடி சுமை அடுக்கப்படவில்லை. சரக்குத் தட்டுகளைப் பிடிக்கும் பூட்டுகள் பல மூடப்படவே இல்லை. விமானிகள் தாளில் கண்டபடி வாலைச் சரிசெய்தார்கள். உண்மையிலோ, எடை பின்னால் இருந்தது. மூக்கு அளவுக்கு மீறி நிமிர்ந்தது, விமானம் விழுந்தது. உள்ளே இருந்த நால்வரும், கீழே காரில் இருந்த ஒருவரும் மாண்டனர்.

2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானத்தின் பக்ராமில் 5 கவச வண்டிகளை ஏற்றிய 747 சரக்கு விமானமும் இப்படியே வீழ்ந்தது. கட்டு அறுத்துக்கொண்ட வண்டி பின்னால் பாய்ந்து, வாலை இயக்கும் பொறியையே நொறுக்கியது. 7 பேர் செத்தார்கள். விசாரணையில் வெளிப்பட்ட செய்தி கேளுங்கள்: விமானிக்கு உரிமச் சீட்டு வேண்டும், பழுதுபார்ப்பவருக்கும் வேண்டும், இத்தகைய சுமையைக் கட்டுகிறவருக்கு மட்டும் அப்படி ஒன்று தேவையென்று சட்டம் கேட்கவில்லை! சுமை கட்டுவது யார் வேண்டுமானாலும் செய்யும் வேலை என்று மேலே இருப்பவர்கள் எண்ணியதன் விளைவு இது.

நாம் அறிவோம், அது யார் வேண்டுமானாலும் செய்யும் வேலையல்ல. பூட்டு சரியாக விழுந்த ஓசைக்கும் விழாத ஓசைக்கும் பேதம் உண்டு. ஒரு தட்டைத் தள்ளும்போதே "சீட்டில் எழுதிய எடை இதுவல்ல" என்று பழகிய தோள் சொல்லிவிடும். அதைவிடப் பெரியது, "நிறுத்து, இதை இறக்கு" என்று மேலதிகாரியிடம் சொல்லும் தைரியம். நாளைக்கு வேலை இருக்குமா என்று அஞ்சுகிற ஒப்பந்தக் கூலிக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வரும்?

இனி ஆஸ்திரேலியாவுக்கு வருவோம். 2020இல் கொள்ளை நோயைக் காரணம் காட்டி, குவாண்டாஸ் கம்பெனி 10 விமான நிலையங்களின் தரைப் பணியைக் காண்டிராக்டர்களிடம் ஒப்படைத்தது. சுமார் 1,800 தொழிலாளர்கள் வெளியே தள்ளப்பட்டனர். இதனால் விமானம் விழுந்தது என்று நாம் சொல்லவில்லை. அப்படி எதுவும் நிகழவில்லை. ஆனால் 2022இல் அதே கம்பெனி, சூட்கேஸ் தூக்க ஆளில்லாமல், தன் மேனேஜர்களையே மூன்று மாதம் பெட்டி தூக்க வரும்படி கேட்டுக்கொண்டது! பழகிய கைகளை விரட்டிவிட்டு, நாற்காலியில் இருந்தவர்களை அழைத்தார்கள்.

தொழிற்சங்கம் விடவில்லை. வேலைநீக்கம் சட்டவிரோதம் என்று 2021இல் நீதிமன்றம் கூறியது; 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் ஒருமனதாக அதை உறுதிசெய்தது. தொழிலாளர் வேலைநிறுத்த உரிமையைப் பயன்படுத்திவிடாமல் தடுப்பதும் கம்பெனியின் நோக்கங்களில் ஒன்று என்பது அம்பலமாயிற்று. 2024இல் 12 கோடி டாலர் நஷ்டஈடு முடிவாயிற்று. 2025 ஆகஸ்டில் மேலும் 9 கோடி டாலர் அபராதம். அதில் 5 கோடி சங்கத்துக்கு.

பணம் வந்தது. ஆனால் அவர்களைத் திரும்ப வேலையில் அமர்த்த நீதிமன்றம் 2021 டிசம்பரிலேயே மறுத்துவிட்டது. அந்தச் சுமை அறைகளில் இன்று வேறு கைகள்.