43 துண்டுகள்: பற்றீரியா சேர்த்த நினைவு



கொழும்பிலிருந்து களனி ஆற்றைக் கடந்து நீர்கொழும்பு வீதியில் போனால் வெலிசறை நெஞ்சு நோய் வைத்தியசாலை வரும். காசநோயை இப்பகுதியினருக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. அந்தக் கிருமியின் டி.என்.ஏ.யில் ஓரிடத்தில், 36 எழுத்துகள் கொண்ட ஒரே தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. இடையிடையே ஒன்றுக்கொன்று வேறான சிறு துண்டுகள். 1997இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அவற்றில் 43 துண்டுகளைத் தேர்ந்து, எது இருக்கிறது, எது இல்லை என்று பார்த்துக் கிருமிகளை இனம் பிரிக்கும் சோதனையை வெளியிட்டார்கள். சென்னைச் சேத்துப்பட்டுக் காசநோய் ஆராய்ச்சி மையமும் திருவள்ளூர் மாவட்ட நோயாளரின் கிருமிகளை இவ்வாறு பிரித்துப் பார்த்தது. 29 முதல் 32 வரையான துண்டுகளும் 34ஆவதும் இல்லாத கிளையே தமிழ்நாட்டில் மிகுதி.

அத்துண்டுகள் ஏன் அங்கே இருக்கின்றன என்று அந்தச் சோதனை வந்தபோது யாருக்கும் தெரியாது. ஒசாகாவில் இஷினோ குழுவினர் 1987இலேயே வேறொரு பற்றீரியாவில் இத்தகைய அமைப்பைக் கண்டு, பொருள் புரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். ஸ்பெயினின் உப்பளங்களில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்ந்த மொஜிகாதான் விடாமல் தேடினார். சில துண்டுகள் பற்றீரியாவைத் தாக்கும் வைரசுகளின் டி.என்.ஏ.யோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தின. பல இதழ்கள் திருப்பியனுப்பிய அவரது கட்டுரை 2005இல்தான் அச்சேறியது. அறிவியல் வரலாற்றில் என்னை மிகவும் நெகிழ வைக்கும் பொறுமை அது.

அத்துண்டுகள் பழைய தாக்குதல்களின் நினைவாக இருந்து பற்றீரியாவைக் காக்கின்றன என்பதற்கு இரண்டு ஆண்டுகளில் சான்றும் கிடைத்தது. ஆய்வாளர்கள் யோகட் தயாரிக்க உதவும் பற்றீரியாவின் மீது வைரசை ஏவினார்கள். தப்பிப் பிழைத்தவற்றின் துண்டு வரிசையில் அதே வைரசின் புதுத் துண்டு சேர்ந்திருந்தது. துண்டை நீக்கினால் நிர்ப்பீடனம் போனது, சேர்த்தால் வந்தது.

நடப்பது இதுதான். காஸ்1, காஸ்2 என்னும் இரு புரதங்கள் அந்நிய டி.என்.ஏ.யிலிருந்து முப்பது எழுத்தளவு வெட்டி எடுத்து, வரிசையின் தொடக்கத்தில் செருகுகின்றன. ஆகவே அண்மையில் வந்த பகைவன் முன்னால், பழையவன் பின்னால். பிறகு அந்தத் துண்டு ஆர்.என்.ஏ.யாகப் படியெடுக்கப்பட்டு, வெட்டும் புரதத்தோடு சேர்ந்து கலத்துக்குள் சுற்றுகிறது. அதே வைரசு மீண்டும் நுழைந்தால் பொருத்தம் பிடித்து வெட்டிவிடுகிறது. தன் வரிசையிலும் அதே எழுத்துகள் இருக்கின்றனவே, அதை ஏன் வெட்டுவதில்லை? இந்தப் பாதுகாப்பு அமைப்பின் பல வகைகளில், வைரசில் இலக்கின் அருகே இரண்டு மூன்று எழுத்தாலான ஓர் அடையாளம் இருக்கும். அது தன் வரிசையில் இல்லை. இவ்வளவு சிறிய குறிதான் தற்கொலையைத் தடுக்கிறது. அங்கே ஓரெழுத்து மாறினாலும் வைரசு தப்பிவிடலாம்.

இதில் நான் மிகவும் மதிப்பது இன்னொன்று. தாய்க்குச் சின்னமுத்து வந்து கிடைத்த நிர்ப்பீடனம் பிள்ளைக்குச் சில மாதங்களே கைகொடுக்கும். பற்றீரியா தன் ஆயுளில் கற்றதை மகட்கலங்களுக்கு முழுதாகக் கையளிக்கிறது.

காசநோய்க் கிருமியோ வேறு வழியில் போயிருக்கிறது. அதன் வரிசையில் புதிது சேர்வதாகத் தெரியவில்லை, இருப்பது கழிகிறது. பீஜிங் எனப்படும் அதன் கிளையில், அந்த 43இல் முதல் 34 துண்டுகளும் இல்லை. ஒரு முறை இழந்த துண்டு திரும்பாது. அதனால்தான் இழப்பே வம்சத்தின் அடையாளமாகிறது, நம் ஆய்வுகூடங்களுக்கும் பயன்படுகிறது. சிகிச்சை முடித்தவர் ஓராண்டு கழித்து மீண்டும் இருமலோடு வந்தால், பழைய நோய் தலைதூக்கியதா, புதிதாகத் தொற்றியதா என்று அறிய வேண்டும். இரு கிருமிகளின் துண்டு வரிசையும் வேறுபட்டால் பெரும்பாலும் புதுத் தொற்று. ஒத்திருந்தால், ஒரே கிளை மிகுந்துள்ள தமிழ்நாடு போன்ற இடத்தில் அது மட்டும் போதாது. கிருமியின் முழு டி.என்.ஏ.யையும் வாசித்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.