நகர் நோக்கும் சாலையும் நெரிசலின் கணக்கும்



மொழிப் பேரவையின் சொற்பொழிவு வரிசையில் சாலை நெரிசலைப் பற்றிய உரையா என்று சிலர் வியக்கலாம். அன்றாடம் நாம் படும் பாட்டைத் தாய்மொழியில் எண்ணிப் பார்க்கவும் கணக்கிட்டுப் பார்க்கவும் இயலவேண்டும். அப்போதுதான் அம்மொழி வகுப்பறைக்கு வெளியிலும் நம்மோடு வாழ்கிறது. ஆகவே இந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் காலை, என் வகுப்பு மாணவி ஒருவர் தாமதமாக வந்தார். தந்தையின் காரில் தீவு விரைவுச்சாலை வழியாக வந்தவர். அவர் கேட்ட கேள்வி இன்றும் என் நினைவில் இருக்கிறது. “அரைமணி நேரம் ஊர்ந்தே வந்தோம், ஐயா. முன்னால் விபத்து நடந்திருக்கும் என்று நினைத்தோம். நெரிசல் முடிந்த இடத்தில் விபத்தும் இல்லை, சாலைப் பணியும் இல்லை. அப்படியானால் எதற்காக நின்றோம்?” அன்று என்னால் அவருக்கு நிறைவான விடை தர இயலவில்லை. இன்றைய உரை அந்தக் கேள்விக்கான விடை என்று கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சொல். ‘நெரி’ என்னும் வினைக்கு நசுங்குதல், நெருங்குதல் என்னும் பொருள்கள் உண்டு. அதிலிருந்து ‘நெரிசல்’ பிறந்தது. நெரிசல் தொடங்கும் குறுகலான இடத்தை இவ்வுரை முழுவதும் ‘இடுக்கு’ என்றே சொல்லப்போகிறேன். இடுக்கு என்பது எப்போதும் அகலம் குறைந்த இடமாக இருக்கவேண்டியதில்லை. வருகின்ற அளவைவிடக் கடத்துகின்ற அளவு எங்கே குறைகிறதோ, அதுவே இடுக்கு. இரண்டு சாலைகள் ஒன்றாக இணையும் இடம், வாகனங்கள் தடம் மாறி வெளியேறும் இடம், மேடேறும் இடம் ஆகிய யாவும் இடுக்காகலாம்.

ஒரு சாலைத்தடம் ஒரு மணி நேரத்தில் எத்தனை வாகனங்களைக் கடத்தும்? முன்செல்லும் வாகனத்திற்கும் பின்வரும் வாகனத்திற்கும் இடையே 2 வினாடி இடைவெளி வேண்டும் என்பது ஓட்டுநர் பயிற்சியின் பாலபாடம். ஒரு மணி நேரத்தில் 3,600 வினாடிகள். ஆகவே 1,800 வாகனங்கள் செல்லலாம். நடைமுறையில் பலரும் இன்னும் சற்று நெருங்கியே ஓட்டுவதால், விரைவுச்சாலைத் தடம் ஒன்று மணிக்கு ஏறத்தாழ 2,000 வாகனங்களைக் கடத்துகிறது. வேகத்தைக் கூட்டினால் இந்த எண்ணும் கூடிவிடும் என்று எண்ணவேண்டா. வேகம் கூடும்போது இடைவெளியின் நீளமும் கூடவேண்டும். அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் சாலைகளைப் படமெடுத்து ஆராய்ந்த புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் என்னும் பொறியாளர், 1935ஆம் ஆண்டிலேயே இதற்கு ஒரு கணக்கு வகுத்தார். வெறிச்சோடிய சாலையில் வேகம் மிகுதி, ஆனால் கடப்பவை சில. அடைபட்ட சாலையில் வாகனங்கள் மிகுதி, ஆனால் கடப்பவை சில. மிகுதியான வாகனங்கள் கடப்பது இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நடுத்தர வேகத்தில்தான்.

இனி, நாம் ஒரு கணக்குப் போடுவோம். நகரை நோக்கிச் செல்லும் மூன்று தடச் சாலை ஒன்று. மணிக்கு 6,000 வாகனங்களைக் கடத்த வல்லது. காலை 7 மணி முதல் 9 மணி வரை, மணிக்கு 6,600 வாகனங்கள் வருவதாகக் கொள்வோம். மிகுதி 10 விழுக்காடு மட்டுமே. 8 மணிக்கு 600 வாகனங்கள் இடுக்கின் முன் காத்திருக்கும். 9 மணிக்கு 1,200 காத்திருக்கும். ஒரு வாகனத்திற்கு 8 மீட்டர் என்று கொண்டால், மூன்று தடங்களிலும் 3 கிலோமீட்டருக்கு மேல் வரிசை நீளும். கடைசியில் வந்து சேர்பவர் 12 நிமிடம் கூடுதலாகக் காத்திருப்பார்.

9 மணிக்குப் பிறகு வருகை மணிக்கு 5,400 ஆகக் குறைகிறது என்போம். சாலையின் ஆற்றலைவிட இது குறைவு. நெரிசல் உடனே தீர்ந்துவிடுமா? தீராது. மணிக்கு 600 வாகனங்கள் வீதம் வரிசை கரையும். முற்றிலும் தீர 11 மணி ஆகிவிடும். இரண்டு மணி நேர மிகுதி நான்கு மணி நேர நெரிசலாக விளைகிறது. 10 மணிக்குப் புறப்பட்டவர், “இந்நேரத்திலும் ஏன் இத்தனை கூட்டம்?” என்று அலுத்துக்கொள்வார். அவர் காண்பது 8 மணியின் மிச்சம்.

இதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். 6,600இல் 600 என்பது பதினொன்றில் ஒரு பங்கு. உச்ச நேரத்தில் வரும் பதினொருவரில் ஒருவர் மட்டும் வேறு நேரத்திலோ வேறு வழியிலோ சென்றிருந்தால், அந்த 3 கிலோமீட்டர் வரிசையே இராது. பள்ளி விடுமுறைக் காலத்தில் சாலைகள் இளகுவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அந்நாள்களில் பாதிக் கார்கள் காணாமற் போய்விடுவதில்லை. சிறு பங்கு குறைகிறது. பெரும் பயன் விளைகிறது.

இப்போது மாணவியின் கேள்விக்கு வருவோம். வரிசையின் முனையில் எதுவும் காணப்படாததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, இடுக்கு என்பது கண்ணுக்குத் தெரியும் தடையாக இருக்கவேண்டியதில்லை. ஓர் இணைப்புச் சாலையிலிருந்து வாகனங்கள் வந்து சேரும் சாதாரண இடமாகவே அது இருக்கலாம். அதைத் தாண்டியதும் சாலை விரிந்து கிடப்பதுபோல் தோன்றும். இரண்டாவது காரணம் இன்னும் வியப்பானது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008ஆம் ஆண்டில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை வரிசையாக விட்டு, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட்டும்படி சொன்னார்கள். இடுக்கும் இல்லை, விளக்கும் இல்லை. எனினும் சிறிது நேரத்தில் ஒருவர் சற்றே வேகத்தைக் குறைக்க, பின்னவர் இன்னும் சற்றுக் குறைக்க, அவருக்குப் பின்னவர் நின்றேவிட்டார். அந்த நிற்றல் ஓர் அலையாகப் பின்னோக்கி நகர்ந்தது. கார்கள் முன்னே சென்றன. நெரிசல் பின்னே சென்றது. நாம் நெரிசலை அடையும்போது அதைத் தொடங்கி வைத்தவர் எப்போதோ வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.

நகருக்குள் செல்லும் விரைவுச்சாலைகளுக்கு வேறொரு சிக்கலும் உண்டு. அவை முடிவது நகர வீதிகளில். அங்கே போக்குவரத்து விளக்கு ஆள்கிறது. 100 வினாடிச் சுற்றில் 40 வினாடி மட்டும் பச்சை எரியுமானால், மணிக்கு 2,000 வாகனங்களைக் கடத்தவல்ல தடம் 800ஐத்தான் கடத்தும். வெளியேறும் வழி நிரம்பியதும் வரிசை விரைவுச்சாலைமீதே படர்கிறது. அந்த வழியில் வெளியேறாமல் நேராகச் செல்ல வேண்டியவர்களும் அதில் சிக்கிக்கொள்கிறார்கள். பெரிய குழாயை எவ்வளவு அகலமாகப் பதித்தாலும், அதன் முனையில் சிறிய திருகுதான் இருக்கிறது.

அப்படியானால் சாலையை அகலப்படுத்தினால் என்ன? அமெரிக்கப் பொருளியலாளர் அந்தோணி டவுன்ஸ் 1962ஆம் ஆண்டில் இதற்கு விடையளித்தார். ஒரு விரைவுச்சாலை உச்ச நேரத்தில் எளிதானதும் மூன்று வகையினர் அதை நாடி வருகிறார்கள். நெரிசலுக்கு அஞ்சி முன்னரோ பின்னரோ புறப்பட்டவர்கள் உச்ச நேரத்திற்குத் திரும்புகிறார்கள். மாற்றுச் சாலைகளில் சென்றவர்கள் திரும்புகிறார்கள். பேருந்திலும் ரயிலிலும் சென்றவர்கள் காருக்கு மாறுகிறார்கள். ஆகவே வரிசை மீண்டும் நீள்கிறது. அகலப்படுத்துவது வீண் என்று இதற்குப் பொருளில்லை; தாம் விரும்பிய நேரத்தில் செல்வோர் கூடுகிறார்கள். உச்ச நேர நெரிசலை மட்டும் அது நீக்குவதில்லை. சிங்கப்பூரின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 12 விழுக்காட்டை ஏற்கெனவே சாலைகள் எடுத்துக்கொண்டுள்ளன. இன்னும் எவ்வளவு நிலத்தைத் தருவது?

இந்தக் கேள்வியை உலகில் முதன்முதலாக ஒரு நகரம் முழுமைக்கும் கேட்டு, விலையால் விடை காண முயன்றது சிங்கப்பூரே. 1975ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள், காலை நேரத்தில் நகர மையத்தினுள் நுழையும் கார்கள் 3 வெள்ளிக்கு உரிமச் சீட்டு வாங்கி ஒட்டவேண்டும் என்னும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நான்கு பேர் பகிர்ந்து வரும் காருக்கும் பேருந்துக்கும் விலக்கு இருந்தது. கட்டண நேரத்தில் நுழைந்த கார்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. ஆனால் மனிதர் இயல்பும் உடனே வெளிப்பட்டது. கட்டணம் 9.30 மணிக்கு முடிந்ததால், பலர் அதன் பிறகு ஒன்றாகத் திரண்டு வந்தார்கள். சில வாரங்களிலேயே கட்டண நேரத்தை 10.15 மணி வரை நீட்டவேண்டியதாயிற்று. 1998ஆம் ஆண்டு செப்டம்பரில் மின்னியல் சாலைக் கட்டண முறை வந்தது. நேரத்திற்கு ஏற்பக் கட்டணம் மாறியது. விரைவுச்சாலைகளில் மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டர் வரையிலான வேகத்தைப் பேணுவதே அதன் அளவுகோல். மிகுதியான வாகனங்கள் கடப்பது நடுத்தர வேகத்தில் என்று சற்றுமுன் சொன்னேன் அல்லவா? அந்தப் பழைய கணக்கே இந்த அளவுகோலின் அடிப்படை.

வேறு வழிகளும் கையாளப்பட்டன. 1991ஆம் ஆண்டின் கருத்துருத் திட்டம் தெம்பனிஸ், ஜூரோங் கிழக்கு, உட்லண்ட்ஸ் ஆகிய இடங்களில் வட்டார மையங்களை வகுத்தது. வேலை வீட்டருகே வந்தால், எல்லாரும் ஒரே திசையில் ஒரே நேரத்தில் செல்லவேண்டியதில்லை. 2013ஆம் ஆண்டில், காலை 7.45 மணிக்கு முன் நகர மைய நிலையங்களில் இறங்குவோருக்குப் பெருவிரைவு ரயிலில் இலவசப் பயணம் வழங்கப்பட்டது. உச்ச நேரத்தில் பயணம் செய்தவர்களுள் ஏறத்தாழ 7 விழுக்காட்டினர் நேரத்தை மாற்றிக்கொண்டனர். அது ரயிலைப் பற்றிய எண். எனினும் பதினொருவரில் ஒருவர் என்ற நம் கணக்கிலிருந்து அது வெகுதொலைவில் இல்லை.

இதுவரை சொன்னது கணக்கு. இனிச் சொல்வது நியாயம். பதினொருவரில் ஒருவர் விலகினால் போதும் என்றேன். அந்த ஒருவர் யார்? பணி நேரத்தைத் தாமே வகுத்துக்கொள்ளும் மேலாளரால் 10 மணிக்கு வர இயலும். 7 மணிப் பணிமுறைக்கு வரவேண்டிய தாதியால் இயலாது. அலுவலகத் துப்புரவாளரால் இயலாது. மணியடிக்கும்முன் வகுப்பில் நிற்கவேண்டிய ஆசிரியராலும் இயலாது. சாலைக் கட்டணம் இவ்விரு தரப்பாரிடமும் ஒரே தொகையைக் கேட்கிறது. அது எல்லாருக்கும் ஒரே சுமையன்று. அதே வேளையில், கட்டணமில்லாச் சாலையும் இலவசமானதன்று. அது பணத்திற்குப் பதில் நேரத்தைப் பிடுங்குகிறது. ஒருவர் மட்டும் அமர்ந்த கார்களின் பின்னால், நூற்றுக்கு மேற்பட்டோரைச் சுமந்த இரட்டை மாடிப் பேருந்து நின்றுகொண்டிருக்கும்போது, அந்நேரத்தை இழப்பவர்களுள் பெரும்பாலோர் கார் இல்லாதவர்களே. ஆகவே கட்டணத்தோடு பேருந்துத் தடமும் நம்பத்தக்க ரயிலும் சேர்ந்து வந்தால்தான் அத்திட்டத்தை நியாயமானது என்று சொல்ல இயலும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நகரின் காலை நேரத்தை வகுப்பவற்றுள் பள்ளி மணியும் ஒன்று. பள்ளித் தொடக்க நேரத்தைப் பற்றிய பேச்சு எழும்போது, மாணவரின் உறக்கத்தோடும் பெற்றோரின் வசதியோடும் இந்தக் கணக்கையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு பயிற்சி. உங்கள் வட்டாரத்து மேம்பாலத்தில் நின்று, கீழே ஒரு தடத்தில் 15 நிமிடத்தில் எத்தனை வாகனங்கள் கடக்கின்றன என்று எண்ணுங்கள். காலை 7.30 மணிக்கு ஒருமுறை, 10 மணிக்கு ஒருமுறை. நான்கால் பெருக்குங்கள். எத்தனை கார்களில் ஒருவர் மட்டும் இருக்கிறார் என்பதையும் குறியுங்கள். பிறகு அதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதுங்கள்.

அன்று கேட்ட மாணவிக்கு இன்று என் விடை இது: “நீங்கள் நின்றது முன்னால் இருந்த ஏதோ ஒன்றினால் மட்டுமன்று, அம்மா. உங்களோடு அந்நேரத்தில் புறப்பட்ட எல்லாராலும் நின்றீர்கள். உங்களாலும் சிலர் நின்றார்கள்.” நெரிசலில் சிக்கியிருக்கிறோம் என்று சொல்கிறோம், அந்த நெரிசல் நாமேதான். விலக இயன்றவர் ஒருவர் விலகும்போது, விலக இயலாத பத்துப் பேருக்கு வழி பிறக்கிறது.