வயலுக்கு வெளியே ஒரு வேலி



அயல்நாட்டிலிருந்து ஆசையோடு கொணரும் செடியை நாம் காண்கிறோம். அதில் ஒளிந்துவரும் பூச்சியைக் காண்பதில்லை. மெக்சிகோ நாட்டைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோவையில் தென்பட்டது. பப்பாளியோடு மல்பெரியையும் மரவள்ளியையும் அது பாழாக்கிற்று. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து வயல்களில் விட்ட பின்னரே அது அடங்கிற்று.

இத்தகைய கேட்டைத் தடுக்கவே 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை உள்ளது. விதையோ நாற்றோ தருவிக்க, இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டார் தரும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். நமது விளைபொருளை வாங்கும் நாடுகளும் அத்தகைய சான்றிதழையே நம்மிடம் கேட்கின்றன. துறைமுகச் சோதனையைத் தொல்லையென எண்ணாது, நம் வயலுக்கிட்ட வேலியெனக் கொள்வோமாக!