உறுதியான தையலுக்கு உகந்த பொறி

மலையேறும் ஒருவரின் முதுகிலே தொங்கும் பை பத்துப் பன்னிரண்டு கிலோ எடையைத் தாங்குவதுண்டு. அவ்வெடை முழுவதும் இரண்டு தோள்வார்களிலே தங்குகின்றது. தோள்வார்கள் தாங்குவதெல்லாம், அவை பையோடு சேருமிடத்திலுள்ள சில அங்குல நீளத் தையலைப் பொறுத்ததாகும். சிவனொளிபாதமலையின் படிகளிலே, நள்ளிரவில், மழைத் தூறலின் நடுவே அத்தையல் பிரிந்துவிட்டால் ஏறுபவரின் நிலை என்ன? வடபுலத்திலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் அடியவர் உகந்தைக்கு அப்பாலுள்ள காட்டுவழியிலே நடக்கும்போது பையின் வார் அறுந்தால், அதைத் தைத்துக் கொடுக்க அங்கே யார் இருக்கிறார்? வீட்டுத் திரைச்சீலையிலே ஒரு தையல் பிரிந்தால் அது சிறு குறை. வெளியிலே, காற்றிலும் மழையிலும் பயன்படும் பொருளிலே தையல் பிரிந்தால் அது துன்பம்.

இத்தகைய பைகளையும் மழைப்படங்குகளையும் கூடாரங்களையும் தாமே தைத்துக்கொள்ள முற்படுவோர் இன்று நம்மிடையே உளர். 2022 ஆம் ஆண்டில் ரூபாவின் மதிப்பு வீழ்ந்தபின் பிறநாட்டிலிருந்து வரும் பொருட்களின் விலை பன்மடங்கு ஏறியமை இதற்கு ஒரு காரணம். தம் முதுகின் நீளத்துக்கும் தம் தேவைக்கும் அளவாக ஒன்றைச் செய்துகொள்ளும் விருப்பம் மற்றொரு காரணம். ஆனால், முதற்படியிலேயே அவர்கள் ஒரு வினாவில் தடுக்கி நிற்கின்றனர். தடித்த துணியைத் தைப்பதற்கு எந்தத் தையற்பொறியை வாங்குவது? இவ்வினாவுக்குத் தவறான விடை கண்டவர்கள் ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பை இழந்துவிட நேரிடும்.

பயணப் பொருட்களைத் தாமே ஆக்கிக்கொள்ளும் வழக்கம் புதியதன்று. இங்கிலாந்திலே பொழுதுபோக்காகக் கூடாரமடித்துத் தங்கும் இயக்கத்தைத் தோற்றுவித்தவர் எனப் போற்றப்படும் தோமஸ் ஹைரம் ஹோல்டிங் என்பவர் தொழிலால் ஒரு தையற்காரர். 1901 ஆம் ஆண்டில் துவிச்சக்கர வண்டியிற் சென்று கூடாரமடிப்போருக்கெனச் சங்கம் அமைத்த அவர், 1908 ஆம் ஆண்டில் அத்துறைக்கு ஒரு கைந்நூலையும் வெளியிட்டார். இலேசான கூடாரங்களை அவர் தாமே வகுத்தார். பின்னர், 1966 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலே தோன்றிய ஃபுரொஸ்ற்லைன் என்னும் நிறுவனம், வெட்டிய துணித் துண்டுகளையும் செய்முறைக் குறிப்பையும் பொதியாக விற்றது. வாங்கியவர்கள் அவற்றைத் தம் வீட்டுத் தையற்பொறியிலேயே மேலங்கியாகவும் கூடாரமாகவும் தைத்துக்கொண்டனர். பெரிய தொழிற்சாலைப் பொறி இல்லாமலே இவ்வேலையிற் பெரும்பகுதி நடந்தேறியது என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

ஆகவே, பொறியைத் தேடுமுன் வேலையை நோக்குதல் வேண்டும். வெளிப்பயணப் பொருட்களின் துணிகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. மழைப்படங்குக்கும் இலேசான கூடாரத்துக்கும் பயன்படும் சிலிக்கோன் பூசிய நைலோன் துணி மிக மெல்லியது, வழுக்கும் இயல்பினது. இதற்கு 70 அல்லது 80 அளவுள்ள நுண்ணிய ஊசியே ஏற்றது. பளுவான துணிகளுக்கென ஆக்கப்பட்ட பொறியில் இதனைத் தைத்தால், கரடான பற்கள் துணியைக் கவ்விச் சுருக்கிவிடும். முதுகுப்பைக்குரிய தடித்த நைலோனும் கன்வசும் வேறு வகை. அவற்றின்மேல் ஓரங்குல அகல நாடாவை இரண்டு மடிப்பாக வைத்துத் தைக்கும் இடமோ எல்லாவற்றினும் கடினமானது. ஒரு பையில் அத்தகைய இடங்கள் பத்துக்கு மேற்படா. அப்பத்து இடங்களுக்காகவா, எஞ்சிய நீண்ட தையலுக்காகவா பொறி வாங்குகிறோம் என்பதை முதலிலே தெளிந்துகொள்ள வேண்டும்.

இனி, பொறி எவ்வாறு தைக்கின்றது என்பதை அறிவோம். ஊசி மேல்நூலைக் கொண்டு துணியைத் துளைத்துக் கீழிறங்குகின்றது. அது மீண்டும் எழும்போது கீழே ஒரு சிறு வளையம் தோன்றுகின்றது. கீழிருக்கும் கொக்கி அவ்வளையத்தைப் பற்றிப் பொபின் நூலைச் சுற்றிக் கொண்டுபோகின்றது. இரு நூல்களும் துணியின் உள்ளே பின்னிக்கொள்கின்றன. பற்கள் துணியை ஓரடி நகர்த்த, அடுத்த தையல் தொடங்குகின்றது. இதிலிருந்து மூன்று ஆற்றல்கள் வேண்டப்படுதல் புலனாகும். துளைத்தல், நகர்த்துதல், நூலை இறுக்குதல் என்பனவே அவை. விற்பனைக்கு வரும் எந்தப் பொறியையும் இம்மூன்று உரைகற்களிலே உரைத்துப் பார்த்தல் தகும்.

முதலாவது, துளைக்கும் ஆற்றல். இன்று கடைகளிலே ‘கடின வேலைக்குரியது’ என்னும் பெயருடன் சில வீட்டுப் பொறிகள் விற்கப்படுகின்றன. நிமிடத்துக்கு 1,100 தையல் இடும் என்னும் வேகத்தை அவற்றின் சிறப்பாக எடுத்துரைப்பர். தடித்த துணிக்கு வேண்டியது வேகமன்று. மெதுவாகச் செல்லும்போதும் தளராமல் இறங்கும் வலிமையே வேண்டும். சிறு மோட்டர் விரைந்து சுழலும்போது வலிமையுள்ளதுபோலத் தோன்றும். நாடாவின் மடிப்பை அடைந்ததும் முனகி நின்றுவிடும். கனத்த இரும்புச் சில்லுள்ள பழைய கைப்பொறியோ காற்பொறியோ, அச்சில்லின் சுழற்சியினாலேயே ஊசியைத் துணிக்குள் இறக்கிவிடும். மின்சாரமும் அதற்கு வேண்டியதில்லை. கைப்பொறியிலே ஒரு கை சில்லைச் சுற்றுவதால் துணியைப் பிடிக்க மற்றொரு கை மட்டுமே எஞ்சும். காற்பொறியில் இரு கைகளும் துணிக்கே உதவும். ஆதலால் பெரிய பொருட்களுக்குக் காற்பொறியே மேலானது.

இரண்டாவது, நகர்த்தும் ஆற்றல். வீட்டுப் பொறியில் கீழிருக்கும் பற்கள் மட்டுமே துணியை நகர்த்துகின்றன. மேலே அழுத்தும் பாதம் அசையாமல் நிற்கும். பல மடிப்புகளை ஒருங்கே தைக்கும்போது கீழ்மடிப்பு முன்செல்ல, மேல்மடிப்பு பின்தங்குகின்றது. முடிவில் இரு ஓரங்களும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. இக்குறையைத் தீர்க்கவே, மேற்பாதமும் துணியோடு சேர்ந்து நடக்கும் பொறிகள் தோன்றின. அவற்றுள் சிலவற்றிலே பாதம், பற்கள், ஊசி ஆகிய மூன்றும் ஒன்றாக நகரும். ஜூக்கி நிறுவனத்தின் டி.என்.யூ. 1541 இவ்வகையைச் சேர்ந்தது. அது 9 மில்லிமீற்றர் வரை நீண்ட தையல் இடும். முழங்காலால் உயர்த்தும்போது பாதம் 16 மில்லிமீற்றர் வரை எழும். கூடாரம், வாகன இருக்கை உறை, தடித்த பை ஆகியவற்றை நாள்தோறும் தைப்பவருக்கு இதுவே தக்க துணை. ஆயின், அதன் மேசையும் மோட்டரும் வீட்டிலே நிலையான ஓர் இடத்தைக் கேட்கும், விலையும் உயர்ந்தது.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்குதல் அவசியம். தொழிற்சாலைப் பொறி என்றால் தடித்த துணிக்குரியது என்று பலர் எண்ணுகின்றனர். நம் நாட்டின் ஆடைத் தொழிற்சாலைகளிலே பழகிய பொறிகள் பழைய விலைக்குக் கிடைக்கும்போது இவ்வெண்ணத்துடன் வாங்கிவிடுகின்றனர். அவற்றுட் பெரும்பாலானவை சட்டைத் துணியை விரைந்து தைப்பதற்கென ஆக்கப்பட்டவை. டி.டி.எல். 8700 என்னும் பொறியின் உச்ச வேகம் நிமிடத்துக்கு 5,500 தையல். அவ்வேகம் சட்டைக்கு நன்று, நாடாவுக்கு ஆகாது. அதே பொறியிலும் தடித்த துணிக்கெனத் தனிவகை உண்டு; வாங்குமுன் எவ்வகை என்பதைக் கேட்டறிய வேண்டும். பழைய வகை மோட்டர் இடையறாது ஓடிக்கொண்டிருக்க, காலழுத்தத்தினால் பொறி திடீரெனப் பாயும். புதிய சேர்வோ மோட்டரைப் பொருத்தினால் மெல்ல மெல்லத் தைக்க முடியும். மின்செலவும் குறையும்.

மூன்றாவது, நூலும் அதன் இறுக்கமும். வெளியிலே பயன்படும் பொருளுக்குப் பருத்தி நூல் ஆகாது. ஈரத்தில் அது உளுத்துப்போகும். நைலோன் நூல் வலியது. எனினும் வெயிலைத் தாங்குவதில் பொலியெஸ்ரர் நூலே சிறந்தது. நூலின் பருமனை ரெக்ஸ் என்னும் அளவாற் குறிப்பர். ஆயிரம் மீற்றர் நீள நூல் எத்தனை கிராம் நிறுக்கின்றதோ அதுவே அதன் ரெக்ஸ் எண். 70 ரெக்ஸ் நூல் முதுகுப்பைக்குப் போதுமானது. அதற்கு 100 அல்லது 110 அளவுள்ள ஊசி வேண்டும். 100 என்பது ஊசித்தண்டின் விட்டம் ஒரு மில்லிமீற்றர் என்பதைக் குறிக்கும். வீட்டுப் பொறிக்குரிய ஊசிகள் ஏறத்தாழ 110, 120 என்னும் அளவுகளோடு நின்றுவிடுகின்றன. 135 ரெக்ஸ் போன்ற பருத்த நூலை வீட்டுப் பொறியில் ஓட்ட முயல்வது வீண். நூலின் பருமனைக் கூட்டுவதைக் காட்டிலும், வார் சேருமிடத்திலே சதுரமாகத் தைத்து அதனுள் குறுக்குக் கோடுகள் இடுவதும், முன்னும் பின்னுமாகப் பலமுறை தைப்பதும் அதிக பயன் தரும். இதற்கு நேர்த்தையல் மட்டும் இடும் எளிய பொறியே போதும். பின்னோக்கித் தைக்கும் வசதி இல்லையாயின், ஊசியைத் துணியிலே நிறுத்திப் பாதத்தை உயர்த்தித் துணியைத் திருப்பிக்கொள்ளலாம். தையலை நெருக்கமாக இட்டால் உறுதி மிகும் என்று எண்ணுவதும் தவறு. நெருங்கிய துளைகள் துணியை அறுத்துவிடும். தடித்த துணிக்கு 3 முதல் 4 மில்லிமீற்றர் வரையான நீளம் பொருந்தும்.

சிங்கர் நிறுவனம் இலங்கையில் 1877 ஆம் ஆண்டில் தன் பணியைத் தொடங்கியது. அன்று முதல் எத்தனையோ வீடுகளிலே பாட்டியார் பயன்படுத்திய பொறி மூலையில் உறங்கிக் கிடக்கின்றது. அதை அல்லது அதுபோன்ற பழம்பொறியைப் பரிசோதிக்கும் முறை எளிது. முதலிலே கைச்சில்லைக் கையாற் சுற்றிப் பார்க்க வேண்டும். எண்ணெய் இறுகியதால் உண்டான தடையைத் துடைத்து, புதிய தையற்பொறி எண்ணெய் இட்டு நீக்கிவிடலாம். மேற்பரப்பின் துருவும், அறுந்த தோற்பட்டியும் பெருங்குறைகள் அல்ல. உடல் வெடித்த பொறியையும், கொக்கி தேய்ந்த பொறியையும், பொபினும் சட்டிலும் காணாமற்போய் மாற்றுறுப்புக் கிடைக்காத பொறியையும் தவிர்க்க வேண்டும். மின்மோட்டர் பூட்டிய பழம்பொறியாயின் கம்பியின் உறை வெடித்திருக்கின்றதா என்பதையும் பார்க்க வேண்டும்.

எப்பொறியை வாங்கச் சென்றாலும், தைக்கப்போகும் துணியிலும் நாடாவிலும் சிறு துண்டுகளையும், உரிய நூலையும் ஊசியையும் கையோடு கொண்டுபோதல் வேண்டும். கடைக்காரர் காட்டும் பருத்தித் துண்டிலே எந்தப் பொறியும் அழகாகவே தைக்கும். நான்கு மடிப்புத் துணியின்மேல் இரண்டு மடிப்பு நாடாவை வைத்து, முதலிற் கைச்சில்லாலும் பின்னர் மெதுவான ஓட்டத்திலும் இருபது தையல் இட்டுப் பார்க்க வேண்டும். அடிப்புறத்தில் நூல் சுருண்டிருந்தால், மேல்நூல் கோத்த முறையையோ இறுக்கத்தையோ திருத்த வேண்டும். தையல் விட்டுவிட்டு விழுந்தால் முதலில் ஊசியை மாற்றிப் பார்த்து, அதன்பின்னரே பொறியைக் குறை கூறல் நியாயம். துணி நகரவில்லையென்று பின்னாலிருந்து இழுத்தல் கூடாது. ஊசி வளைந்து தகட்டிலே மோதி முறியும். முறிந்த துண்டு கண்ணுக்கும் கேடு விளைக்கும்.

ஒரு குடும்பத்துக்குச் சில பைகளும் ஒரு படங்கும் தைத்துக்கொள்ள விரும்புவோர், நன்கு பழுதுபார்த்த பழைய இரும்புப் பொறி ஒன்றோடு நிறைவு காணலாம். மெல்லிய கூடாரத் துணியே வேலையாயின், இப்போது வீட்டிலுள்ள பொறியே போதும். புதிதாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. பிறருக்குத் தைத்துக் கொடுத்து அதனால் வருவாய் தேட எண்ணுவோரும், பாடசாலைச் சாரணர் குழு ஒன்றின் கூடாரங்களையெல்லாம் பேணும் பொறுப்புடையோரும் பாதம் நடக்கும் பொறிக்குப் பணம் செலவிடுதல் பொருந்தும். இவ்வேறுபாட்டை நோக்காது, பெயரை நம்பி மலிவான ஒன்றை வாங்கிப் பின் மற்றொன்றையும் வாங்குவோர், உலோபிக்கு இரட்டைச் செலவு என்னும் பழமொழிக்கு இலக்காவர்.

கடையில் வாங்கிய பையின் தையல் பிரியும்போது, அதனை எறிந்துவிட்டு வேறொன்று வாங்குவதே பலர் அறிந்த வழி. தாமே தைத்தவரோ எந்த நூல், எந்த ஊசி, எத்தனை வரிசை என்பதை அறிவார். அவர் பயணத்துக்கு முதல்நாள் மாலை வார்களை இழுத்துப் பார்த்து, தளர்ந்த இடத்தை அன்றே தைத்துவிடுவார். தக்க பொறியைத் தேர்ந்தெடுக்கும் முயற்சி முழுவதும் அந்த ஒரு மாலைப் பொழுதுக்காகவே என்று கொள்ளலாம்.