நீண்ட குடலோடு வாழ்தல்



டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுகிற காரியங்களை, படுக்கை அருகே அமரும் எங்களிடம் சிலர் மெல்லச் சொல்வதுண்டு. அவற்றில் ஒன்று நாள்பட்ட மலச்சிக்கல். "குடல் நீளமாய் வளைந்து கிடக்கிறதாம் ஐயா, இது புற்றுநோயா?" என்று பயத்தோடு கேட்கிறார்கள்.

அல்ல. பெரியவர்களின் பெருங்குடல் ஏறக்குறைய 150 செ.மீ. நீளமுள்ளது. சிலருக்கு அது இன்னும் நீண்டு, வயிற்றுக்குள் மடிந்து வளைந்திருக்கும். பலருக்கு இதனால் எந்தத் தொல்லையும் இராது. சிலருக்கு மலச்சிக்கலும் உப்புசமும் வலியும் உண்டாகும்.

இவர்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது ஒழுங்கே: கீரை, பழம், போதிய தண்ணீர், தினமும் நடை. காலை உணவுக்குப்பின் குடல் தானாக அசையும். அந்த நேரத்தைத் தவறவிடக்கூடாது. வீட்டார் எல்லோரையும் அனுப்பிய பிறகே தங்களைக் கவனிக்கும் நம் தாய்மார் இதை அடக்கிவைத்தே பழகிவிடுகிறார்கள். அவர்களுக்கு அந்தப் பத்து நிமிடத்தை வீட்டார் கொடுக்கவேண்டும்.

மலத்தில் இரத்தம் கண்டாலோ, எடை குறைந்தாலோ, நீண்ட குடல்தான் காரணமென்று இருந்துவிடாமல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்றையும் மறக்கவேண்டாம். நீண்ட குடல் சில வேளை முறுக்கிக்கொள்ளும். வயிறு ஊதி, கடும் வலியும் வாந்தியும் கண்டு, மலமும் வாயுவும் நின்றுபோனால், பேதி மருந்து கொடுத்துக் காத்திராதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். காலதாமதமில்லாமல் வந்தால், பலருக்குக் குழாய் செலுத்தியே முறுக்கை அவிழ்க்கலாம். இரத்த ஓட்டம் நின்று குடல் அழுகிவிட்டால் அவசர அறுவைச் சிகிச்சைதான் வழி.

கூச்சத்தினால் ஓர் உயிரும் போகவேண்டாம். இதை உங்கள் வீட்டிலும் சபையிலும் சொல்லுங்கள்.