மழுங்கினா ஓடுதுன்னு அர்த்தம்

பொம்மிடியிலிருந்து பேசுறேன். லேசர் பாயின்டரை சுவத்துல அடிங்க (கண்ணுல வேண்டாம்). புள்ளிக்குள்ள மணல் மாதிரி பொடிப்பொடியா மினுங்கும். அதுதான் ஸ்பெக்கிள். சிதறுற ஒளி அலைகள் ஒண்ணு சேர்ற இடம் வெளிச்சம், ஒண்ணையொண்ணு அழிக்கிற இடம் இருட்டு.

அதையே தோல்ல அடிச்சா? ஒளி உள்ள போய்ச் சிதறும். உள்ள இருக்கிறது தெளிவா தெரியாது. ஆனா ரத்த அணுக்கள் ஓடுறதால அந்தப் பொடிகள் துடிச்சுக்கிட்டே இருக்கும். கேமரா சில மில்லிசெகண்ட் திறந்திருந்தா, ஓட்டமுள்ள இடம் மழுங்கிப் பதியும். வேகம் கூடினா மழுங்கலும் கூடும். 1981-ல ஃபெர்ச்சரும் ப்ரையர்ஸும் இதை வெச்சுதான் விழித்திரை ரத்த ஓட்டத்தைப் பார்க்க வழி சொன்னாங்க.

தீக்காயத்துல எந்தத் தோல் தானா ஆறும், எதுக்கு ஒட்டுத்தோல் வேணும்? முடிவெடுக்க ரத்த ஓட்டம் பெரிய துப்பு. அதை, புண்ணைத் தொடாமலே பார்த்துடலாம்.